ஓரப்பட்டி

அலமாரியின் ஓரப்பட்டி மறுபடியும் உரிந்துவிட்டது. இந்தத் தடவை அது குமாஸ்தாவின் மனைவியின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு ஹால் வரைக்கும் போயிருந்தது. அவள் அதைப் பிய்த்தெடுத்து, அவர் முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

சமையலறை அலமாரியை அவரே செய்திருந்தார். அலுவலகத்தில் அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது, நம் கையால் ஒன்று செய்து பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய ஆசை. பிளைவுட்டை அறுத்து, ஸ்க்ரூ முடுக்கி, கீல் வைத்து, பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் பண்ணி, ஒருவழியாக அதை நிமிர்த்தி நிறுத்தினார். நிறுத்திய கையோடு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எல்லாம் சரிதான். ஓரம்தான்..." என்று அவள் இழுத்தாள்.

அந்த இழுவையில் மாட்டியவர்தான், இன்னும் மீளவில்லை.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அறுத்த பிளைவுட்டின் ஓரத்தில் உள்ளே இருக்கும் அடுக்குகளெல்லாம் பல்லிளித்துக்கொண்டு தெரியும். அதை மூட ஒரு பட்டி ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டால் அவள் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் அவள் வாயால் கேட்டதில்லை. பாராட்டத் தெரியாதவள் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு ஜன்னல் திரையைப் பாராட்டுவாள், டிவியில் செய்தி வாசிப்பவரின் சட்டையைப் பாராட்டுவாள். இவருக்கு மட்டும் ஒரு 'ம்'. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், செத்தாலும் நிம்மதியாகச் சாவார்.

இப்போது உரிந்துவந்தது இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுகிற ரகம். சூட்டில் பசை உருகிப் பிடித்துக்கொள்ளும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். பிடிக்கத்தான் செய்தது, பாதி பலகையில், பாதி இஸ்திரிப் பெட்டியில். மறுநாள் அலுவலகத்தில், அதே பெட்டியால் தேய்த்த அவர் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு கோடு இருப்பதாக நாலு பேர் தனித்தனியாக வந்து அக்கறையோடு சொன்னார்கள்.

அடுத்து பிளாஸ்டிக் பட்டி வாங்கினார், தேக்கு நிறத்தில். அதற்கென்று தனியாக ஒரு பசை. அழுத்தி ஒட்டிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தால் கட்டைவிரல் வரமாட்டேன் என்றது. மகள்தான் எண்ணெய் தடவித் தடவி அப்பாவை அலமாரியிலிருந்து பிரித்தெடுத்தாள். பட்டி மட்டும் இந்த முறை அசையாமல் நின்றது. மனைவி வந்து விரலால் நீவிப் பார்த்தாள்.

"கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"தேக்குன்னா அப்படித்தான் இருக்கும்."

"ம். இருக்கும், இருக்கும்."

அந்த இரண்டாவது 'இருக்கும்' அவரை என்னவோ செய்தது. அன்று சாயங்காலமே உளியை எடுத்துக்கொண்டு பட்டியைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் அசல் மரம்தான் என்று முடிவுசெய்து, முகப்பை வளைவாக இழைத்த மரப்பட்டி வாங்கிவந்து சின்ன ஆணியாகப் பார்த்து அடித்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கதவுகளைச் சாத்தப் போனபோது இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பாதியில் நின்றன. கதவுக்கு அளவெடுத்தபோது பட்டியின் கனத்தைச் சேர்க்க மறந்திருந்தார். ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்.

சரி, இழைத்துவிட்டால் போச்சு என்று இழைப்புளியைப் பிடித்தார். இழைக்க இழைக்கக் கதவு மூடிக்கொண்டது, கொஞ்சம் தாராளமாகவே. நடுவில் விரல் நுழைகிற சந்து விழுந்தது. சந்தை மறைக்க அகலமான பட்டி ஒன்றை வாங்கிவந்து, கதவுகளைச் சாத்திவைத்து ஒரு பக்கமாக அடித்தார். அது லேசாக ஆடியது. ஆடக்கூடாதே என்று மறுபக்கமும் அடித்தார். ஆடவில்லை. சந்து போன இடம் தெரியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மனைவியைக் கூப்பிட்டார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"டீ வடிகட்டி உள்ள இருக்குங்க" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கதவையும் சேர்த்து ஆணியடித்திருக்கிறார். வடிகட்டி, கரண்டி, ஸ்பூன், ஆணி பிடுங்கும் குறடு எல்லாம் உள்ளே. மகள் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பால் டீயில் சர்க்கரையைக் கலக்கிக் குடித்தாள். பக்கத்து வீட்டில் குறடு இரவல் வாங்கி, பட்டியைப் பெயர்த்து, பெயர்த்ததில் பிளந்துபோனதற்குப் பதில் வேறொன்று வாங்கி, ஒரே பக்கமாக அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கதவு திறந்தது. மூடியது. சந்தும் இல்லை. அவரே நம்பாமல் திரும்பத் திரும்பத் திறந்து சாத்திப் பார்த்தார்.

மனைவி வந்தாள். குனிந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மூலையில சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியுதோ?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் இருப்பது போலவும் தெரிந்தது. மரத்தூளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. நமக்கு இது கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு நடந்தார். அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் பட்டிக்கட்டு ஒன்றை எடுக்கத் திரும்பினார். வேண்டாம் என்று கையைக் காட்டினார் குமாஸ்தா.

"நல்ல கார்பெண்டர் யாராவது இருந்தா நம்பர் குடுங்க. அந்த ஓரத்தை அவரே முடிச்சுக் குடுக்கட்டும். என்னால ஆகல."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அலமாரி ரொம்ப நல்லா இருக்குன்னு உங்க வீட்டம்மா அன்னைக்கு பல்பு வாங்க வந்தப்பவே சொன்னாங்க சார். உங்க காதுல விழுந்தா மறுநாளே கட்டில் செய்ய ஆரம்பிச்சிடுவீங்களாமே."