தலையணையில் முளைத்த உண்ணி வேர்

உண்ணிக்கு வேர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நீங்கள் எங்கள் தெருக்காரர் இல்லை. எங்கள் தெருவில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாயின் தோலிலிருந்து உண்ணியைப் பிடுங்கினாலும் அதன் வேர் உள்ளேயே தங்கிவிடுமாம். அரிப்பும் அதனால்தானாம், புண்ணும் அதனால்தானாம். அதுவும் சும்மா வராதாம். யாரோ பொறாமைக்காரன் கண் வைத்தால்தான் வேர் விடுமாம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த மேதை, மூடிக் கிடந்த சைக்கிள் கடையை வாடகைக்கு எடுத்து அதில் எழுந்தருளியிருந்தார். பெயர் வேர் மகான்.

விடிந்தால் போதும், கடை வாசலில் வரிசை. சடை நாய், மொட்டை நாய், நொண்டி நாய் எல்லாம் நின்றன. ஒருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரையும் திருப்பி அனுப்பவில்லை. வாசலில் இருந்த காணிக்கை டப்பாவுக்கு நாயும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான்.

அந்த வரிசையில் என் அண்ணனும் நின்றார். அண்ணன் கணக்கு வாத்தியார். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அப்பேர்ப்பட்டவர் கையில் மேனேஜர். மேனேஜர் என்பது நாய். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் குரைப்பதால் அண்ணி வைத்த பெயர். அதன் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது. புருவம் திருத்தும் இடுக்கியால் அண்ணி அதைப் பக்குவமாக எடுத்துவிட்டார். ஆனால் நாய் சொறிந்து சொறிந்து அந்த இடம் முடி கொட்டி, சிவந்து, நீர் கசிந்தது. கால்நடை டாக்டர் கொடுத்த களிம்பு அலமாரியில் மூடி திறக்காமல் கிடந்தது. வேர் முழுசாக வரும்வரை களிம்பும் கூடாது, தண்ணீரும் கூடாது என்பது மகானின் கட்டளை.

மகானின் வைத்தியத்தைக் கேளுங்கள். நாயைக் கறுப்புப் போர்வையில் தலை முதல் வால்வரை சுற்றிக் கொண்டுவர வேண்டும். அவர் தொடமாட்டார். போர்வைக்கு மேலே கையை வீசுவார், கண்ணை உருட்டுவார், வெடுக்கென்று காற்றிலிருந்து எதையோ பிடுங்குவார். பார்த்தால் விரலிடுக்கில் கறுப்பாக ஒரு நார். அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும், அடேயப்பா, நெளியும்! நெளிந்து முடித்து அதன் முனை எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான் கண் வைத்தவன்.

மேனேஜரின் வேர் எதிர்வீட்டைக் காட்டியது. அங்கே இருப்பவர் தையல்காரர். தினமும் அண்ணனோடு சதுரங்கம் ஆடுகிறவர். அன்றோடு ஆட்டமும் நின்றது, பேச்சும் நின்றது.

"அந்த மனுஷன் நம்ம நாய்க்குக் குளிர் சட்டை தைச்சுக் குடுத்தவருங்க. அவரா கண்ணு வைப்பாரு?" என்றார் அண்ணி.

"வேர் பொய் சொல்லுமா?"

"புண்ணு நாறுதுங்க. வலியில ராவெல்லாம் முனகுது. களிம்பு போடுறேன், தள்ளுங்க."

"போட்டியோ, வேர் மூளைக்கு ஏறிடும்! மகானே சொல்லிட்டாரு."

"ஏறணும்னா அங்க ஏதாவது இருக்கணுமே."

யாருடைய மூளையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை, மேனேஜரோடு மைதானத்தில் நடந்துவிட்டு வந்த அண்ணி தன் சாக்ஸை வாளியில் ஊறப்போட்டார். கொஞ்ச நேரத்தில், "தம்பி, இங்க ஓடி வாங்க!" என்று கூப்பிட்டார். போய் வாளியைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணி உதட்டில் விரலை வைத்து, "மூச்சு விடக்கூடாது" என்றார்.

மறுநாள் அண்ணி கறுப்புப் போர்வை மூட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணன் பக்தியோடு பின்னால் போனார்.

"பயந்து கிடக்குதுங்க. அசையவே மாட்டேங்குது" என்றார் அண்ணி.

"அசையாதும்மா. என் பார்வைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கு" என்றார் மகான். கையை வீசினார், பிடுங்கினார். "அடேங்கப்பா, தாய் வேர்! இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நாய் செத்திருக்கும்!" கிண்ணத்தில் நார் நெளிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அண்ணி போர்வையைப் பிரித்தார். உள்ளே எங்கள் வீட்டுத் தலையணை.

அண்ணன் வாயைப் பிளந்தார். ஆனால் பக்தி அவ்வளவு சீக்கிரம் சாகுமா? பூனைக்காரர் முன்னால் வந்து, "அந்தத் தலையணையில நாய் படுத்திருக்கும்ல? வேர் அதுல இறங்கியிருக்கும்!" என்றார். "அதானே!" என்றது கூட்டம். மகானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணி அசரவில்லை. பையிலிருந்து, அன்று காலை மைதானத்தில் போட்டு நடந்த தன் அழுக்கு சாக்ஸை எடுத்தார். அதில் குத்தியிருந்த ஒரு நாரை உருவி அதே கிண்ணத்தில் போட்டார். அதுவும் நெளிந்தது, மகானின் வேரைவிட நன்றாகவே நெளிந்தது.

"மைதானத்துல நடந்தா எல்லார் கால்லயும் ஒட்டுமே, ஊசிப்புல்லு, அதோட வாலுங்க இது. காய்ஞ்சா முறுக்கிக்கும், நனைஞ்சா முறுக்கு அவிழும். சொல்லுங்க மகானே, என் சாக்ஸை எந்த உண்ணி கடிச்சுது?"

அண்ணி கேட்டு முடிப்பதற்குள், அவர் சொல்லி வைத்தபடி தையல்காரர் மேனேஜரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். போர்வை இல்லாத மேனேஜர். மகானைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது. அவ்வளவுதான். உலகத்து நாய்களையெல்லாம் காக்க வந்தவர் மேசைமேல் ஏறி, "கடிக்கும்! கடிக்கும்! பிடிங்க!" என்று அலறினார். உதறின உதறலில் சட்டைக் கையிலிருந்து ஊசிப்புல் பொலபொலவென்று உதிர்ந்தது. போர்வை எதற்கென்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மகான் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார். டப்பாவை மட்டும் மறக்கவில்லை.

அண்ணன் தலை நிமிரவில்லை. "தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றார் தையல்காரரிடம்.

"என்ன சார் நீங்க? கண்ணு வைக்கிற மாதிரி இந்த நாய்கிட்ட புண்ணைத் தவிர என்ன இருக்கு?" என்றார் அவர். அண்ணன் கண் கலங்கிவிட்டது.

நேரே டாக்டரிடம் போனோம். அவர் புண்ணைக் கழுவினார், அண்ணனை அதைவிட நன்றாகக் கழுவினார். புண் ஆழமாகிவிட்டதால் களிம்போடு மாத்திரையும் சேர்ந்தது. சொறியாமலிருக்க மேனேஜரின் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை. தினமும் தையல்காரர் தலையைப் பிடிக்க, அண்ணன் களிம்பு தடவ, புண் காய்ந்தது. சதுரங்கமும் திரும்பி வந்தது.

நேற்று அதே சைக்கிள் கடையில் புதுப் பலகை தொங்கியது. யாரோ ஊதியே வயிற்றுக் கல்லை எடுக்கிறாராம். வரிசையில் முதல் ஆள் பூனைக்காரர்!

அழுகின முட்டையால் கெடுவது ஒரு வேளைச் சாப்பாடு. அதைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்த மக்களே, மகான்களையும் ஒரு தடவை அப்படிப் பிடித்துப் பார்த்தால் என்ன?