அப்பாவின் கைப்பிரேக்

ஹெலிகாப்டர் தரையை விட்டு நான்கடி எழும்புவதற்குள் மாஸ்டரின் கை கைப்பிரேக்கைத் தேடியது. இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை; பயந்தால் தானாக அங்கேதான் போகும். இருக்கையோரம் அகப்பட்ட கைப்பிடியை இழுத்தார். கொஞ்சம் அசைந்தும் கொடுத்தது.

ஹெலிகாப்டர் ஜிவ்வென்று ஏறியது.

அப்போதுதான், பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மகள் கிளம்புமுன் சொன்னது உறைத்தது. அவள் பக்கத்து லீவரை உயர்த்தினால் மேலே சுற்றும் இறக்கைகள் சாய்ந்து காற்றை அதிகமாக அமுக்கும், வண்டி ஏறும், தாழ்த்தினால் இறங்கும். தன் பக்கம் இருப்பதும் அதுதான் போல. தவறைத் திருத்தக் கைப்பிடியை அமுக்கினார். வண்டி சரேலென்று கீழே சரிந்தது. பதறிப்போய் மறுபடி இழுத்தார். மரங்கள் புள்ளியாகத் தெரியும் உயரத்துக்கு ஏறியது. மகளின் முகம் வெளிறிவிட்டது.

அவளுக்கு விமானி வேலை கிடைத்திருந்தது. தன்னுடைய டிரைவிங் ஸ்கூலே போதும் என்று மறித்தவர், ஒருமுறை அவளோடு பறந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத்தான் ஏறியிருந்தார். அவள் பிழைப்பை நாமே கெடுக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எச்சரிக்கை மணி அலறியது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"அப்பா, எஞ்சின் நின்னுடுச்சு. எதையும் பிடிக்காம உக்காருங்க."

மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

மகள் லீவரை அடிவரை தாழ்த்தினாள். வண்டி விழத் தொடங்கியது. கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுற்றும் என்றும், அந்தச் சுழற்சியைத் தரைக்குப் பக்கத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கா தனக்கா என்று தெரியவில்லை. புல்வெளி பாய்ந்து வந்தது. கடைசி நொடியில் வண்டியின் மூக்கை நிமிர்த்தி, லீவரை உயர்த்தினாள். வண்டி பூனை போல உட்கார்ந்தது.

இறங்கியதும் மாஸ்டர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் என்னாலதாம்மா. பயத்துல நானும் லீவர இழுத்துட்டேன்."

மகள் அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "போகட்டும்பா. யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றாள்.

அந்தப் பெருந்தன்மையில் அவர் கரைந்தே போனார். நாளைக்கே வேலையில் சேரச் சொல்லிவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓடி வந்த மெக்கானிக்கிடம் தன் குற்றத்தை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உங்க பக்கத்து லீவர நேத்தே கழட்டி வச்சுட்டேனேங்க. வண்டிய ஏத்தி இறக்க உங்க பொண்ணு பக்கத்து லீவர் மட்டும்தான் இருக்கு. நீங்க இழுத்தது சீட்டோரம் சும்மா மாட்டி வச்சிருக்கிற தீயணைக்கிற சிலிண்டர்."