என் கணவருக்கு அளவான சட்டை

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எனக்கு என் கணவர் மேல் பொறாமை வந்தது. அவர் யாரோ ஒருத்தியைப் பார்த்தார் என்பதால் வந்திருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். சேலை உடுத்தால் அவர் என்னைவிட வடிவு என்று ஊர் சொன்னது. எனக்கு எரிச்சல் வந்தது அதனால்தான்.

என் கணவர் யோகநாதனுக்கு அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் அவர் ஓட்டக்காரர். உப்புவெளி, கந்தளாய் என்று எங்கே மரதன் ஓட்டம் வைத்தாலும் நெஞ்சில் இலக்கத்தைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். ஓடாத நேரத்தில் பாடுவார். எங்கள் வாசிகசாலை போடும் இசை நாடகங்களில் பெண் வேஷம் அவருக்குத்தான். அப்போதெல்லாம் ஆண்கள்தான் பெண்ணாக நடிப்பார்கள். ஓடி ஓடி இவருக்கு இடுப்பு என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது. மூச்சோ மூன்று பேருக்குப் போதும்.

இளவரசி மரகதவல்லி என்பது அவருடைய வேஷம். தோட்டத்தில் தனியே நின்று, "மன்னவன் வரக் காணேன், தோழீ..." என்று பாடவேண்டும். அந்தத் "தோழீ"யை அவர் இழுக்கத் தொடங்கினால் சபையில் இருப்பவர்கள் ஒண்டு, ரெண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். இருபத்தைந்தைத் தாண்டிப் போவார். (வீட்டில் நான் கூப்பிட்டால் ஒரு "ஓம்" சொல்ல மூச்சு வராது.) முந்தின வருஷம் போட்ட நாடகத்தை, ஆட்கள் கேட்டுக்கேட்டு மறுபடியும் போட ஏற்பாடு நடந்தது.

அது யுத்த காலம். ரோட்டில் ஓடுகிற ஆம்பிளையைச் சென்றிக் காவலரணில் நிற்கிற ஆமிக்காரர் சும்மா விடமாட்டார்கள். எதற்கு ஓடுகிறாய், எங்கேயிருந்து ஓடுகிறாய் என்று ஆயிரம் கேள்வி. அதனால் அவர் பழகப் போகும்போதெல்லாம் நான் பின்னால் சைக்கிளில் போவேன். தண்ணீர்ப் போத்தலும் பாட்டுக் கொப்பியும் கூடைக்குள் இருக்கும். "இஞ்சேருங்கோ, திரும்பி வரேக்க பாணும் வாங்கவேணும்!" என்று ஒரு மனிசி பின்னால் கத்திக்கொண்டு வந்தால், துவக்கு வைத்திருப்பவனுக்கே ஓடுகிறவன் மேல் இரக்கம் வந்துவிடும். ஓடிக்கொண்டே அவர் பாட்டைப் பாடம் பண்ண, நான் அடியெடுத்துக் கொடுப்பேன். இப்படியே நாடகம் முழுவதும் எனக்கும் பாடமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பத்மாக்காதான் பெண் வேஷக்காரருக்குச் சேலை உடுத்திவிடுகிறவ. நாடகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வந்தா.

"பிள்ளை, உங்கட கூறைச் சேலையைத் தாங்கோ. மேடையில நல்ல எடுப்பாத் தெரியும்."

கொடுத்தேன். சேலை யாருக்கும் வரும், ஆனால் என் கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த கூறைச் சட்டை ஒரு ஆம்பிளைக்கு எங்கே வரப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவர் கையை நுழைத்தார். கொக்கிகள் ஒவ்வொன்றாக, ஒரு சத்தமில்லாமல், பூட்டிக்கொண்டன.

"ஐயோ, தைச்சு வச்ச மாதிரியெல்லோ இருக்கு!" என்று பத்மாக்கா கன்னத்தில் கை வைத்தா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தா. "உங்களுக்கு இப்ப பத்துமே, பிள்ளை?"

"ஏன் பத்தாது?" என்றேன். பிள்ளை பிறந்து பத்து மாதம். பத்மாக்கா போனதும் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கொக்கி ஒன்றையொன்று கண்ணாலும் காணவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் ஆறியிருப்பேன். நாடகத்துக்கு முதல்நாள் காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது, இந்த மனிசன் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"இஞ்சருமப்பா, இடுப்பில கொஞ்சம் லூசா இருக்கு. ஒரு நூல் பிடிச்சு விடுமன்."

லூசாம்! என்னுடைய கூறைச் சட்டை அவருக்கு லூசாம்! அவர் படலையைத் தாண்டியதும் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தேன். ஒரு பக்கம் ஒரு அங்குலம், மற்றப் பக்கம் ஒரு அங்குலம் பிடித்தேன். பிறகு பிரித்துவிட ஏலாதபடி உள்ளே மிஞ்சிய துணியைக் கத்திரிக்கோலால் வெட்டியும் எறிந்தேன். பத்மாக்காவுக்கு முன்னால் அவர் வாயால் ஒருக்கா, ஒரேயொருக்கா, "எனக்குப் பத்தேல்லை" என்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விடிய விடிய நடக்கவேண்டிய நாடகத்துக்கு, ஊரடங்கு என்றபடியால், பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் அனுமதி கிடைத்திருந்தது. அதே சனிக்கிழமை காலை உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு மரதன் ஓட்டம். காலையில் ஓடி, மத்தியானம் இளவரசியாகிறேன் என்று அவர் நின்றார். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு நான் வழக்கம்போலச் சைக்கிளில் பின்னால் போனேன்.

நகரத்துக்குள் நுழையும்போது அவர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். ஒரு கடை வாசலில் நான்கைந்து பெண்கள் நின்று கை தட்டினார்கள்.

"எங்கட இளவரசி ஓடுறாவடி! இடுப்பைப் பார், இடுப்பை!"

யாரடி அவள் என்று திரும்பி முறைத்தேன். நான் முறைத்து முடிப்பதற்குள் என் சைக்கிளின் முன்சில்லு இளவரசியின் குதிக்காலில் ஏறிவிட்டது.

அவர் விழுந்த விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கணுக்கால் தேங்காயளவுக்கு வீங்கிப் போனது. அவரை நேரே வாசிகசாலைக்குக் கொண்டுபோய், திரைக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தி, காலைத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்தோம். நாடகம் பழக்கிய அண்ணாவியார் அந்தக் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தோப்பூரிலயிருந்து சனம் விடியவே வெளிக்கிட்டு, லோஞ்சில கடல் கடந்து வந்து இறங்கியிருக்கு. இண்டைக்கு விட்டா இனி எப்ப அனுமதி தருவாங்களோ தெரியாது. தங்கச்சி, பாட்டெல்லாம் உமக்குப் பாடம்தானே?"

ஏலாது என்றேன். இரண்டாம் தரமும் ஏலாது என்றேன். மூன்றாம் தரம் கேட்காமல் விட்டுவிடுவாரோ என்று பயம் வந்ததும், ஓம் என்றேன். (இன்றைக்குத் தெரியட்டும் யார் வடிவு என்று நினைத்துக்கொண்டேன். சட்டை ஞாபகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.)

பத்மாக்கா இழுத்தா. நான் வயிற்றை எக்கினேன். சட்டை பூட்டவில்லை. தையலைக் கொஞ்சம் பிரிப்போம் என்று உள்ளே பார்த்தவ, திகைத்துப்போனா.

"இதென்ன, உள்ளுக்குத் துணியையே காணேல்லை? அவருக்கு அளவா இருந்த சட்டையெல்லோ இது?"

நான் மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சைக்கிளில் வந்தது கவுணோடு. வேறு சட்டைக்கு வீட்டுக்குப் போய்வர நேரமில்லை, நடுவில் இரண்டு சென்றி. பத்மாக்காவின் சட்டையென்றால், அதற்குள் நானும் இளவரசர் வேஷக்காரரும் சேர்ந்தே போகலாம். கடைசியில் என்னைச் சுவரோடு சாய்த்து, "மூச்சை விடுங்கோ... இனி எடுக்காதேங்கோ!" என்று பத்மாக்கா நான்கு கொக்கியைப் பூட்டி, சேலையால் இறுக்கிச் சுற்றி என்னை மேடைக்குத் தள்ளிவிட்டா.

வெளியே வந்ததும் சபை அமைதியாகியது. என் அழகில் மயங்கிவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இது ஆர்?" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார். "எங்கட பிள்ளை எங்க?"

"அந்தப் பிள்ளை வராதாம். இது அந்தப் பிள்ளையின்ர மனிசியாம்."

"அட, சீ!"

அந்த "அட, சீ" என் நெஞ்சுக்குள் இறங்கிய இறக்கம் இருக்கிறதே! முதல் இரண்டு அடியை எலிக்குஞ்சுக் குரலில்தான் பாடினேன். மூச்சு எடுத்தால்தானே குரல் வரும்? ஆனால் "தோழீ" வந்தபோது, பழக்கதோஷத்தில் சபை எண்ணத் தொடங்கியது. ஒண்டு, ரெண்டு... எனக்கு வெறி வந்துவிட்டது. அவர் இருபத்தைந்து என்றால் நான் முப்பது! நெஞ்சு நிறைய, வயிறு நிறைய மூச்சை இழுத்து மைக்குக்குக் கிட்டப் போய் இழுத்தேன். மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு...

டப்!

நான்கில் இரண்டு கொக்கியும் தையலும் ஒன்றாகப் போயின. நெஞ்சுக்கு நேரே நின்ற மைக் அந்தச் சத்தத்தை வாங்கி, வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி இரண்டுக்கும் கொடுத்தது. எட்டு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவ்வளவு சனமும் குப்புறப் படுத்துவிட்டது. அந்த நாட்களில் சத்தம் கேட்டால் முதலில் படுப்போம், என்னவென்று பிறகுதான் பார்ப்போம். பெண்கள் பிள்ளைகளை வயிற்றுக்குக் கீழே இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார்கள். ஆர்மோனியக்காரர் பெட்டியின் மேலேயே கவிழ்ந்திருந்தார். இளவரசர் வாளும் முடியுமாக மேசைக்குக் கீழே போய்விட்டார். ஒரு குழந்தைகூட அழவில்லை.

நான் மட்டும், இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, மேடை நடுவில் நின்றேன். கீழே கிடந்த அந்த முதுகுகளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பேருடைய உயிரும் ஒரு நிமிஷம் துடித்தது என்னுடைய எரிச்சலால்தானே. குனிந்து மைக்கில் பேசக்கூட வழியில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ஒண்டுமில்லை. சட்டைதான்."

முதலில் மேசைக்குக் கீழேயிருந்து இளவரசர் சிரித்தார். பிறகு அந்தக் கிழவர். பிறகு சபை முழுவதும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை எங்கள் ஊரில் நான் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த சென்றிக்காரருக்கு அண்ணாவியார் கையாலும் காலாலும் விளங்கப்படுத்த, அவர்களும் சிரித்தார்கள். என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் நொண்டிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்து, இடுப்பில் கட்டிய சாரத்தோடு இளவரசியாகப் பாடி நாடகத்தை முடித்தார். (அதற்கும் கைதட்டல்! சாரத்தோடும் அவர்தானாம் வடிவு!)

ஊரடங்குக்கு முதல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவருடைய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கிழிந்த சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நான் ஒரு நூல் பிடிக்கச் சொன்னனான். நீர் ஒரு முழமெல்லோ பிடிச்சிருக்கிறீர். அவ்வளவு எரிச்சலோ?"

"ஓம்," என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? "நீங்கள் என்னைவிட வடிவு எண்டு ஊரெல்லாம் சொல்லுது. நீங்களும் ஒருநாளும் இல்லை எண்டு சொல்லேல்லை."

அவர் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திரை ஓட்டைக்குள்ளால பாத்தனான்," என்றார் பிறகு. "அவ்வளவு சனமும் படுத்திட்டுது. நீர் மட்டும் அந்தச் சேலையோட நிமிந்து நிண்டனீர். ராணி மாதிரி. நான் எண்டால் முதல் ஆளாப் படுத்திருப்பன்."

(குனிந்திருந்தால் மிச்சம் இருந்த இரண்டு கொக்கியும் போயிருக்கும். அதனால்தான் நின்றேன். இதை நான் அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.)

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது வெடித்தாலும், சைக்கிள் ரியூப்போ, தகரத்தில் விழுந்த தேங்காயோ, யாராவது ஒருவர் "ஒண்டுமில்லை, சட்டைதான்" என்பார்கள். மகளின் கல்யாணத்தில் வாசலில் சீனவெடி கொளுத்தியதும் என் பக்கத்துச் சொந்தம் முழுவதும் ஒரே குரலில் அதைச் சொல்ல, மாப்பிள்ளை விழித்தார். என் கணவர் (இப்போது அவருக்கும் வயிறு வந்துவிட்டது) அவருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார்.

போன மாதம் மருமகனின் சேர்ட் ஒன்று தோளில் கொஞ்சம் லூசு என்று மகள் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பின்னாலேயே ஓடிவந்து, மரியாதையாக, ஆனால் மிகவும் கெதியாக, மருமகன் அதைப் பறித்துக்கொண்டு போனார்.

"இருக்கட்டும் மாமி. எனக்கு லூசாப் போடத்தான் விருப்பம்."