தேனியில் விட்ட புறா

மாமனார் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று போன பொங்கலுக்குச் சபதம் எடுத்தேன். காரணம் பெரிது. பந்தியில் என் இலைக்கு வந்த வடையை மாமனார் எடுத்து மூத்த மாப்பிள்ளை இலையில் போட்டுவிட்டார். இந்தத் தங்கபாண்டி என்றால் போடி ஏலக்காய்க் கடைகளில் தராசே நிமிர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வடை குறைவதா?

இப்போது என் மனைவி அன்னத்தாய்க்கு ஏழாம் மாதம்.

“வளையல் போட எங்க ஐயா வரணும்ல. அவுக தேவதானப்பட்டியில மொறச்சுக்கிட்டு இருக்காக. நீங்க இங்கன மொறச்சுக்கிட்டு இருக்கீக. நான் வெறுங்கையோட நிக்கிறேன்.”

“அவரா வரட்டும்.”

“மாப்பிள்ள கூப்பிடட்டும்கிறாக.”

அவள் கண் கலங்கியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. “சரி, நாளைக்குப் போறேன்” என்றேன்.

உடனே ஒரு கூடையை நீட்டினாள். உள்ளே ஒரு சாம்பல் புறா, காலில் சிவப்பு நாடாவோடு. போன வாரம் அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்தது.

“அங்கன போனதும் இதப் பறக்க விடுங்க. புறா வீடு சேந்துட்டா எனக்கு நிம்மதி.”

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“புறா மேல இருக்கு.”

சபதம் என்ன ஆவது? பாதி வழியில் தேனியோடு நின்றுகொண்டு, புறாவை அங்கேயே விட்டுவிட்டு, மாமனார் மசியவில்லை என்று திரும்பிவிடத் தீர்மானித்தேன். ஒரே சிக்கல், போடிக்குத் தேனி ரொம்பப் பக்கம். புறா சீக்கிரம் வந்து என் குட்டை உடைத்துவிடும். வாத்தியாரிடம் ஜில்லாப் படம் வாங்கி நூல் பிடித்து அளந்தேன். பஸ்ஸுக்கு வளைவு உண்டு, புறாவுக்குக் கிடையாது. யுத்தகாலத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் மேட்டைக் கண்டால் நம்மை இறக்கித் தள்ளச் சொல்லும், புறா சொல்லாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, புறாவை விடவேண்டிய நேரத்தைக் கண்டுபிடித்தேன். விமானப் படைக்கு ஆள் தேடுகிறவர்கள் என்னைக் கேட்கவில்லை, அவர்கள் நஷ்டம்.

தேனி காபி கிளப்பில் இட்லியை முடித்து, குறித்த நேரத்தில் கூடையைத் திறந்தேன். புறா ஒரு வட்டம் அடித்தது. மேற்கே போடிக்குப் போகாமல் வடக்கே பறந்தது.

“கிறுக்குப் புறா. வழி தெரியல” என்றேன்.

“அதுக்குத் தெரியும்ணே” என்றார் கிளப் முதலாளி ராஜமணி.

பெஞ்சில் ஒரு தூக்கம் போட்டு, சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்பினேன். சோகமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

“அன்னம், உங்க ஐயா கல்லு. கால்ல விழாத குறையாக் கூப்பிட்டேன். மாட்டேன்னுட்டாக.”

“அப்படியா?” என்றாள். அவள் மடியில் ஒரு பெட்டி நிறைய வளையல்.

உள்ளேயிருந்து மாமனார் கருத்தக்கண்ணன் வந்தார்.

“வாங்க மாப்ளே. சிவப்பு நாடாவோட எம் புறா திரும்பி வந்தா நீங்க கூப்பிடுறீகன்னு அர்த்தம்னு அன்னம் சொல்லிவிட்டிருந்துச்சு. வந்துச்சு, அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவர் வளர்த்த புறா. எங்கே விட்டாலும் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

“தேனியில பஸ் நின்னப்ப பாத்தேன். காபி கிளப் பெஞ்சுல அசந்து தூங்குனீக. சரி, பாதி தூரம் மாப்பிள்ள வந்துட்டாக, மீதியை நாம போவோம்னு வந்துட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அன்று பந்தியில் மாமனார் தன் வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அன்னத்தாய் அதை எடுத்து அவர் இலையிலேயே திரும்பப் போட்டாள்.

“நீங்க சாப்பிடுங்கய்யா. அவுக காபி கிளப்புலயே முடிச்சிருப்பாக.”