ஹார்லன் கையெழுத்திட்ட பட்டியல்

புத்தாண்டுக் காலையில் காபிக் கோப்பையை ஓங்கி வைத்து ஹார்லன் ஒரு சபதம் செய்தார். இனி நியூயார்க் மாநிலத்துக்கு ஒரு சென்ட் வரி கட்டுவதில்லை.

மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும் சொத்து அவருக்கு. இரண்டு தலைமுறை சாப்பிட்டாயிற்று. மூன்றாவதாக இவர் உட்கார்ந்திருந்தார்.

"ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரியே கிடையாது, வெர்னா. வருஷத்துக்கு மூணு லட்சம் டாலர் மிச்சம். நான் அந்த ஊர்க்காரனாயிட்டேன்," என்று மனைவியிடம் அறிவித்தார்.

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

"இன்னிக்குக் காலைல நீங்க எழுந்தது இந்தக் கட்டில்லதானே?"

"வருஷத்துல பாதிக்கு மேல அங்க இருந்தாப் போதுமாம். எல்லாம் சட்டப்படிதான்."

"சட்டப்படி சரி. நியாயப்படி? நமக்குச் சமைச்சுப் போடற கிளாரிஸ் வரி கட்டுறா. கடலோரமா ரெண்டாவது வீடு வாங்காததுதான் அவ செஞ்ச தப்பா?"

"சட்டம் கதவைத் திறந்து வெச்சிருக்கு. நான் நுழையறேன்."

"அந்தக் கதவுக்கு நுழைவுச் சீட்டு, அங்க நீங்க வாங்கின ரெண்டு மில்லியன் டாலர் வீடு. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். நூலகத்துல பிள்ளைங்களுக்குக் கதை படிக்கணும். அந்த நூலகமே வரிப் பணத்துலதான் ஓடுது."

வாதத்தில் தோற்கும்போதெல்லாம் ஹார்லன் வக்கீலைக் கூப்பிடுவார். கூப்பிட்டார்.

"நாள் கணக்கு மட்டும் போதாது சார்," என்றார் வக்கீல். "உங்க மனசுக்கு நெருக்கமானது எந்த ஊர்ல இருக்கோ, அதுதான் உங்க வீடுன்னு வரி அதிகாரி சொல்லுவார். ஒரு பட்டியல் எழுதுங்க. அதுல இருக்கறதை எல்லாம் அங்க அனுப்பிடுங்க."

ஹார்லன் எழுதினார். முதலில் பிஸ்கட் என்ற தன் நாய். பிறகு சாய்வு நாற்காலி, தூண்டில், தாத்தாவின் கடிகாரம் என்று வளர்ந்து, பதினொன்றாவதாக டோஸ்டரில் முடிந்தது.

அவருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெர்னா அதைப் படித்தாள்.

"டோஸ்டர் இருக்கு."

"அது நல்லா வேலை செய்யுது, வெர்னா."

"நான் செய்யலயா?"

மூன்று நாள் ஹார்லன் தனியாகச் சாப்பிட்டார். ரொட்டி வாட்டிச் சாப்பிடலாமென்றால் டோஸ்டர் பெட்டிக்குள். நான்காம் நாள் ஹார்லன் சரணடைந்தார். புதுக் காகிதம் எடுத்து, "என் மனதுக்கு நெருக்கமானவை: ஒன்று, என் மனைவி வெர்னா. அவள் இருக்கும் இடமே என் வீடு" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேதியும் போடுங்க."

"காதல் கடிதத்துக்குத் தேதி எதுக்கு?"

"ஞாபகத்துக்கு."

போட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஹார்லனுக்குப் பேனா.

அந்த வருஷம் இருநூறு நாள் அவர் ஃப்ளோரிடாவில் கிடந்தார். மூக்கு நுனி தோலுரிந்தது. மறு வருஷம் நியூயார்க் வீட்டைப் பார்வையிட வரி அதிகாரி வந்தபோது ஹார்லன் விமானச் சீட்டுகளை அடுக்கி வைத்தார். கடற்கரையில் பிஸ்கட் நிற்கும் படங்களை நீட்டினார். அந்த அதிகாரி அம்மாள் எல்லாம் பார்த்துக் கணக்குக் கோப்பை மூடப்போனார்.

"வேற காகிதம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு," என்று வெர்னா எழுந்து போய், படுக்கையறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "சார், இதுல எழுதியிருக்கறது உண்மையா?"

சமையலறையில் கிளாரிஸின் கரண்டிச் சத்தம் நின்றது. வெர்னா புருஷனையே பார்த்தாள். பொய் என்றால் வரிப் பணம் மிஞ்சும், மனைவி மிஞ்சமாட்டாள்.

"உண்மைதாங்க," என்றார் ஹார்லன். மூன்று லட்சம் டாலர் போயிற்று.

அதிகாரி போனதும் நாற்காலியில் விழப்போனார். நாற்காலி ஃப்ளோரிடாவில் இருந்தது. நின்றுகொண்டே கேட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"எல்லாம் சட்டப்படிதானே?"

"சரி, போகட்டும். நீ ஒரு பட்டியல் எழுதினா அதுல நான் எத்தனாவது?"

வெர்னா விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

"டோஸ்டருக்கு அடுத்தது."