கொட்டாக்கண்ணுக்கு ஒரு சொட்டு

மதராஸ் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் கண் இமைக்காத ஜீவன்கள் இரண்டு. ஒன்று மீன், மற்றொன்று கொட்டாக்கண்ணு. மீனுக்கு இமை கிடையாது, ஆகவே அதற்கு இதில் பெருமை ஒன்றுமில்லை. கொட்டாக்கண்ணுக்கு நான்கு இமைகளும் ஒழுங்காக இருந்தன. வைத்துக்கொண்டும் அவர் உபயோகிக்கவில்லை. எனவே முதல் பரிசு அவருக்குத்தான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் கம்பெனிப் பதிவேட்டில் இருந்தது. காலையில் ஆஜர் எடுக்கும்போது அதைக் கூப்பிட்டால், "அது யாருபா, புது ஆளா?" என்று அவரே சுற்றும்முற்றும் பார்ப்பார்.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி அது. நான் அங்கே குமாஸ்தா. துறைமுக பாஷையில் ரைட்டர். எந்தச் சரக்கு எத்தனை மணிக்கு ஏறியது என்று எழுதுவது என் உத்தியோகம். அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதுவது என் சொந்த வியாதி. அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கப்பலின் மேல்தட்டில் கிணற்று வாய் போல ஒரு பெரிய சதுரத் திறப்பு இருக்கும். அதற்குள்ளே, மூன்று மாடி ஆழத்தில், எட்டுப் பேர் நின்று மூட்டைகளை அடுக்குவார்கள். மூட்டைகள் வலையில் தொங்கியபடி இறங்கும். வலையை இறக்கும் விஞ்சு இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. திறப்பின் விளிம்பில் ஒருவர் நின்று, கீழே பார்த்து, கையை ஆட்டிச் சத்தம் கொடுக்க வேண்டும். "ஆரியா" என்றால் இறக்கு. "ஹபீஸ்" என்றால் ஏற்று. முஷ்டியை மூடினால் நிறுத்து. இருபது வருஷமாக அந்த விளிம்பில் நின்றவர் கொட்டாக்கண்ணு.

அவருக்குச் சட்டங்கள் இரண்டு. கீழே ஆள் இருக்கும்வரை கண்ணைக் கொட்டக் கூடாது. சரக்கை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. தரை தொடும்வரை ஆரியாதான்.

"கண்ண மூடித் தொறக்குற நேரத்துல இன்னா நைனா ஆயிடும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அத்த அடிபட்டவன் பொஞ்சாதிய கேளு ரைட்டரே" என்றார்.

பழக்கம் வீடுவரைக்கும் போயிருந்தது. கல்மண்டபத்தில் மீன் விற்ற அவர் மனைவி, "இந்தாளு தூங்குறாரா, முய்ச்சிகினு கீறாரான்னு கண்டுக்கவே முடில. பாதிக் கண்ணு தொறந்தே கீது. குறட்ட வுட்டாத்தான் தூங்குறாருன்னு அர்த்தம்" என்பார்.

இருபது வருஷக் கடல் காற்றும் நிலக்கரித் தூசியும் இமைக்காத கண்ணை என்ன செய்யுமோ அதைச் செய்தன. கண் சிவந்தது, எரிந்தது. "உள்ள மண்ண வாரிக் கொட்னாப்ல கீது" என்றார். ஒரு புதன்கிழமை மதியம், தொங்கிய ஒரு வலை அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. முஷ்டியை மூடி விஞ்சை நிறுத்திவிட்டு, எது நிஜம் என்று நிதானமாக யோசித்தார். கப்பல் அதிகாரி மேலே புகார் சொன்னார். எங்கள் மானேஜர் உத்தரவு போட்டார்: பதினைந்து நாளுக்குள் கண் டாக்டரிடம் சரியாகிவிட்டது என்று எழுதி வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் கேட் வேலை. கேட்டில் உட்கார்ந்து மாட்டு வண்டிகள் வருவதைக் கவனிக்கும் வேலை அது. அதற்குக் கண் தேவையில்லை, மூக்கே போதும்.

கீழே மூட்டை அடுக்கும் எட்டுப் பேரும் கதிகலங்கினார்கள். வேறு எவன் கை காட்டினாலும் இறங்க மாட்டோம் என்றார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். "அய்தா ஈரமாவும் நைனா" என்று இன்னொருவர் அரை வீசை வெங்காயத்தை அவர் முகத்துக்கு நேரே உரித்தார். எட்டுப் பேரும் நானும் அழுதோம். கொட்டாக்கண்ணு எங்களை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினார். சீட்டைப் படித்த கம்பவுண்டர் நிமிர்ந்தார்.

"உமக்குக் கண்ணீர் பத்தலைங்காணும்."

"நா அய்ததே இல்ல சார்."

"அதான் புட்டியில குடுக்கறேன். எரிச்சல் அடங்கும். ஆனா வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, இதையே ஊத்திண்டு உக்காராம ஓடி வரணும். கண்ணைக் கொட்டணும், மருந்தைக் கொட்டப்படாது. ஒரே சொட்டு!"

மருந்து வாங்க அந்நாளில் புட்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். கொட்டாக்கண்ணு பழைய அரிஷ்டப் புட்டி ஒன்றைப் பெருமையுடன் நீட்டினார். கம்பவுண்டர் அதை முகர்ந்துவிட்டு ஒரு விரலால் தள்ளினார். கொதிக்க வைத்த சின்னப் புட்டியில் மருந்து ஊற்றி, ரப்பர் குமிழ் மாட்டிய கண்ணாடிக் குழாயையும் தந்தார். அவர் சொன்னதெல்லாம் என் குறிப்பில் இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. தலையைச் சாய்த்துக் கீழ் இமையை இழு. அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. குழாயின் நுனி எதிலும் படக் கூடாது. விட்டபின் ஒரு நிமிடம் கண்ணை மூடியிரு. இந்தப் புட்டி உன் ஒருவனுக்குத்தான். பதினைந்தாம் நாள், மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடு.

குறிப்பு சரியாக இருந்தது. நடந்தது வேறு.

மதியச் சாப்பாட்டு வேளையில் கொட்டாக்கண்ணு மேல்தட்டில் மூட்டைகளின் மேல் மல்லாந்தார். சொட்டு விடுவது நான். கையைக் கழுவிக்கொண்டு குழாயைத் தூக்கினேன். கீழேயிருந்து ஒரு கை எழுந்து ஆடியது.

"ஆரியா… ஆரியா… மெதுவா ஆரியா…"

"நைனா, போதும். இங்கேயிருந்தே விடறேன்."

"அந்தரத்துல நிக்கக் கூடாது ரைட்டரே! ஆரியா!"

துறைமுகத்தில் கை காட்டுகிறவரோடு விவாதம் செய்வது வழக்கமில்லை. இறக்கினேன். நுனி இமையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் முஷ்டி மூடியது. "ஆங், தரை தட்டிச்சி. இப்ப இறக்கு சரக்க" என்றார். சொட்டு விழுந்தது. கண்ணை மூடச் சொன்னேன். அவர் மூடவில்லை. மருந்து முழுவதும் கன்னத்தில் ஓடியது. எதிரே வந்த கப்பல் அதிகாரி, கொட்டாக்கண்ணு அழுகிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை இமைகள் பீளையில் ஒட்டிக்கொண்டன. வாழ்நாளில் முதல்முறையாக அவர் கண் மூடியிருந்தது. அதுவும் அவர் சம்மதமில்லாமல்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கம்பவுண்டர் என்னைத்தான் பார்த்தார். "நுனி கண்ணுல பட்டுதோ?"

"படாத எப்டி சார் எறக்குறது?" என்றார் கொட்டாக்கண்ணு. "தரை தொடாத சரக்க எவனாச்சும் அவுப்பானா?"

"இது சரக்கு இல்லைங்காணும்! நுனி பட்டா கண்ணுல இருக்கற அழுக்கு புட்டிக்குள்ள போயிடும். அப்புறம் நீரே அதைத் திரும்பக் கண்ணுல ஊத்திக்கறீர்." புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். தெளிந்திருந்த மருந்து கலங்கியிருந்தது. பக்கத்து வாளியில் விட்டெறிந்தார். டாக்டர் சீழுக்கு வேறு மருந்து கொடுத்தார். அது ஆறிப் புதுப் புட்டி கைக்கு வருவதற்குள் மானேஜர் தந்த கெடுவில் ஒன்பது நாள் போய்விட்டது. மிச்சம் ஆறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் கொட்டாக்கண்ணு வண்ணாரப்பேட்டை திரும்பும் இடத்தில் நின்றார். "கேட்ல நா இன்னா பண்ணுவேன் ரைட்டரே? மாட்டுக்கு ஆரியா சொல்லவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் ஒரு நிபந்தனையோடு குழாயை எடுத்தேன். இந்தச் சரக்குக்கு விஞ்சும் நான், கையும் நான். அவர் கையிரண்டையும் இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒரு விரல்கடை உயரத்தில் நிறுத்தினேன். அந்தரத்தில் தொங்கிய சொட்டைப் பார்த்து அவர் பல்லைக் கடித்தார். விழுந்தது, சரியாகப் பள்ளத்தில். மற்றக் கண்ணிலும் அப்படியே.

"இப்போ மூடுங்க நைனா. ஒரு நிமிஷம்."

"மாட்டேன். கீழ பசங்க கீறாங்க."

"எல்லாரும் சாப்பிட மேலே வந்தாச்சு."

"நீ சொன்னா ஆச்சா? நா பாக்கணும்."

பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தால் மருந்து ஓடிவிடும். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு விஞ்சு ஓட்டும் ஏசுபாதம் எழுந்தார். "டேய், எல்லாம் வாங்கடா இங்க. ஒவ்வொருத்தனா கொரலு குடு" என்றார்.

எட்டுப் பேரும் எச்சில் கையோடு மூட்டையைச் சுற்றி நின்றார்கள்.

"மேல கீறேன் நைனா." "நானும் கீறேன்." "நா வந்து எம்மா நேரமாச்சி, கருவாடு துன்னுகினு கீறேன்." கடைசி ஆள் பேசாமல் இருந்தான். "எட்டாவது எங்கடா?" என்று கொட்டாக்கண்ணு பதறி எழப் பார்த்தார். "வாயில சோறு நைனா" என்று பதில் வந்தது.

அதன் பிறகு மூடினார்.

கெடுவின் கடைசி நாளான அந்த ஆறாம் நாள் டாக்டர் பார்த்தார். வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்து, வேலை நேரத்திலும் மூட்டைக்கு மூட்டை கண்ணைக் கொட்ட வேண்டும் என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். வலை காலியாகத் திரும்பி ஏறும் இடைவெளியில் கொட்டுவதற்குக் கொட்டாக்கண்ணு ஒப்புக்கொண்டார். மூடிய இமை ஏறும்போது ஏசுபாதம் அதற்கும் "ஹபீஸ்" என்று சத்தம் கொடுத்தார்.

எனக்கு நினைவில் நிற்பது அவர் தானாகக் கண் மூடிய அந்த முதல் மதியம்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். கண் மூடியதும் அந்த முகம் யாரோ ஒருவருடையதாக மாறிவிட்டது. வயதான, களைத்த ஒருவருடையதாக. எட்டுப் பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள்.

"ஆச்சா ரைட்டரே?" என்றார் தூக்கக் குரலில்.

"இன்னும் ஆவல நைனா" என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில், 'மருந்துக்குப் பின் கண் மூடியிருந்த நேரம்: ஒரு நிமிடம்' என்று எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷக் குறிப்புகளில் நான் அறிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். பதினோரு நிமிடம்.