தெற்கே பொங்கிய பால்

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கிரகப்பிரவேசம் வைக்காதீர்கள். படிப்பு முடியட்டும். இல்லையென்றால் பிள்ளையை ஹாஸ்டலில் போட்டுப் பூட்டிவிட்டு நாள் குறியுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பிள்ளை நான்தான்.

அப்போது எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. ஒன்றைத் தட்டினால் இன்னொன்று விழும், அது வேறொன்றை உருட்டும், அது போய் எதையோ இடிக்கும், கடைசியில் ஒரு சின்ன வேலை நடக்கும். இந்த மாதிரி வீடியோக்களை ஃபோனில் பார்த்துப் பார்த்து நானும் செய்ய ஆரம்பித்தேன். கரண்டி, டம்ளர், துணி கிளிப், இட்லித் தட்டு எதுவும் வீட்டில் இருந்த இடத்தில் இருக்காது. ஃபேன் சுவிட்சைப் போட நான் செய்த ஏற்பாட்டுக்கு அரை நாள் பிடித்தது. (“எந்திரிச்சுப் போயிப் போட்டா கையி தேஞ்சிருமாடி?” என்றார் அம்மா. அறிவியல் மனப்பான்மை இல்லாத குடும்பம்.)

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீடு அது. அப்பா குவைத்தில் டிரைவர். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பெயின்ட் அடித்தது வரை வீடியோ காலிலேயே பார்த்துக் கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு லீவில் வந்தபோதுதான் தன் வீட்டுச் சுவரைக் கையால் தொட்டார். தொட்டவர் ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

அவருக்கு இருந்த ஒரே பயம் அத்தை. அப்பாவின் அக்கா, குளத்தூரில் இருப்பவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் வரமாட்டார். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால், “சரியாத்தான் இருக்கு, ஆனா...” என்று இழுப்பார். அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒங்க அத்தை ஒரு கொறை சொல்லாமப் பாயசம் குடிச்சுட்டுப் போயிறணும்த்தா. இம்புட்டு வருசம் ஒழைச்சதுக்கு அது போதும் எனக்கு.”

அப்பாவின் ஆசையைக் கேட்டதும் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டாள். குறை இல்லாத விசேஷம் என்ன பெரிய விசேஷம்? ஊரே வாயைப் பிளக்கிற விசேஷமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

திட்டம் இதுதான். அடுப்பில் பால் பொங்கி வழியும். வழிகிற பால் ஒரு டம்ளரில் விழும். டம்ளர் கனத்ததும் அது மாட்டியிருக்கிற கரண்டி சாயும். கரண்டி தடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழம் (மங்கலப் பொருளாக இருக்கட்டுமென்று அவ்வளவு தூரம் யோசித்தேன்!) பாதியாக அறுத்த பிளம்பிங் குழாயில் உருண்டு ஹாலுக்கு வரும். அங்கே பாத்ரூமுக்கு வாங்கியதில் மிஞ்சிய டைல்ஸை வரிசையாக நிறுத்தியிருப்பேன். ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கடைசி டைல்ஸ் ஒரு தேங்காயைத் தள்ளும். தேங்காயில் கட்டிய கயிறு ஜன்னல் வழியாகப் போய், வாசலில் வீட்டுப் பெயர்ப் பலகையை மூடியிருக்கும் பட்டுத் துணியை இழுக்கும். பால் பொங்கவும் பலகை திறக்கவும் சரியாக இருக்கும். அப்பா கண் கலங்குவார். அத்தைக்குப் பேச்சே வராது.

பால் எந்தப் பக்கம் வழியும் என்பதை விதியிடம் விட முடியுமா? டம்ளர் இருந்த பக்கமாகப் பானை சாயும்படி அடியில் ஒரு டைல்ஸ் சில்லைச் சொருகினேன். அது என்ன திசை என்று நான் பார்க்கவில்லை. ஹாலுக்குப் போகிற பக்கம், அவ்வளவுதான்.

காலையில் வந்ததும் வராததுமாக அத்தை குழாயைப் பார்த்தார். “என்னடி இது?”

“டெக்கரேஷன் அத்தை.”

“காலம் கெட்டுப் போச்சு” என்று நகர்ந்தார். அதைக் குறையாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னையா தன் மாட்டையும் கன்றையும் பிடித்து வந்தார். கன்றை வாசலில் கட்டிவிட்டு மாட்டை ஹாலுக்குள் கூட்டி வந்தார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, அகத்திக்கீரை கொடுத்தார்கள். மாடு என் டைல்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் சாதுவாக நின்று மென்றுகொண்டிருந்தது. மாடு வரும் என்பது என் திட்டத்தில் இல்லை. (கிரகப்பிரவேசத்தில் மாடு வரும் என்பதை மறந்த ஒரே தமிழ்ப் பெண் நானாகத்தான் இருப்பேன்.)

அடுப்பில் பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். குலவை பாதியில் நின்றது.

“அடியாத்தீ! தெக்கயில்ல பொங்குது!” என்றார் அத்தை.

வீடே விறைத்துப் போனது. கிழக்கே பொங்க வேண்டும்; வடக்கே பொங்கினாலும் பரவாயில்லை. தெற்கு எமனுடைய திசை என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை.

அந்த மயான அமைதியில்தான் எலுமிச்சம்பழம் உருண்டது. கடகடவென்று அது குழாயில் வர, மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. முதல் டைல்ஸ் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் மற்றவையும் சரிந்தன. சாமான் வராத காலி ஹாலில் டைல்ஸ் விழுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது. மாடு மிரண்டு துள்ளியதில் என் கயிறு கொம்பில் சிக்கியது. வாசலில் கூட்டம், அடுப்படியில் கூட்டம். காலியாக இருந்தது மாடிப்படி ஒன்றுதான். சின்னையாவின் கையை உதறிவிட்டு மாடு மாடியேறியது. அதன் பின்னாலேயே, ஜன்னல் வழியாக வந்த பட்டுத் துணியும் படி படியாக ஏறிப் போனது.

(பலகை திறந்துவிட்டது. வாசலில் நின்றவர்களும் மாட்டைப் பார்க்க உள்ளே ஓடி வந்துவிட்டதால், அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.)

மொட்டை மாடிக்குப் போன மாடு அங்கேயே நின்றுவிட்டது. மாடு படி ஏறும், இறங்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சின்னையா கெஞ்சினார், கீரையைக் காட்டினார், வாலை முறுக்கினார். அது ஒரு படிகூட இறங்கவில்லை. கீழே கன்று கத்த, மேலே மாடு பதில் சொன்னது.

“பரிகாரம் பண்ணணும் தம்பி. சகுனம் சரியில்ல” என்றார் அத்தை. அப்பா புது வீட்டின் வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சகுனமெல்லாம் இல்ல அத்தை. பானைக்கு அடியில சில்லு வச்சுச் சாச்சது நாந்தான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“சாமி காரியத்துல வெளையாடுறியா நீ?” என்று அம்மா கை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு அம்மா இரண்டு போட்டிருக்கலாம்.

மேலே நான்கு பேர் சேர்ந்து மாட்டை இழுத்தார்கள். அது காலை ஊன்றி நின்றது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தையின் முகம் மெல்ல மாறியது.

“ஏய், நிறுத்துங்கடா! யாரும் மாட்டு மேல கைய வைக்காதீங்க” என்று கத்தினார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “தம்பி, வீட்டுக்குள்ள வந்த மகாலெச்சுமி போகமாட்டேங்குறா. இது வெளங்கலையா ஒனக்கு? எத்தனை கிரகப்பிரவேசம் பாத்திருக்கேன், மாடு வரும், சாணி போடும், போயிரும். இங்கிட்டுத்தான்டா தங்கியிருக்கா!”

எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளிலேயே பெரியது இதுதான். அத்தை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு டம்ளர்.

மறுநாள் காலையில் படிகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சரிவாக்கி, கீழே கன்றை நிறுத்தியதும் மகாலெச்சுமி மனசு மாறி இறங்கினாள்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. போன ஆவணியில் அத்தை மகன் புதுக்கோட்டையில் வீடு கட்டினார். அத்தை வெற்றிலை பாக்கோடு வந்து என்னை அழைத்தார். “டைல்ஸ் நீதான் அடுக்கணும். அது விழுந்தாத்தான் மாடு ஏறும்” என்றார். நான் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. முகூர்த்தத்தன்று ஐயரே என்னிடம், “டைல்ஸ் அடுக்கியாச்சாம்மா? நல்ல நேரம் போறது” என்று கேட்டார். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற நான், பட்டுப்புடவையோடு தரையில் குந்தி டைல்ஸ் அடுக்கினேன். எல்லாம் சரியாகச் சரிந்தது. டவுன் மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஆறு பேர் பின்னால் நின்று தள்ளி அதை மாடிக்கு ஏற்றினார்கள்.

அன்றைக்கே குவைத்திலிருந்து அப்பா கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டார். தள்ளி ஏற்றினார்கள் என்றதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஒங்க அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிறாத. நம்ம வீட்டுல தானா ஏறுச்சுத்தா.”